காற்றை விலக்கிய வேலை

ஆனி 2, செவ்வாய்

காலைப் பூசை முடித்துத் திருநீறு அணிந்து மேசையில் அமர்ந்தேன். எழுந்தபோது நூறாவது குறள் வெண்பா நிறைவுற்றிருந்தது. நூலுக்கு "ஆவி நூறு" என்று பெயர். நீர் கொதிப்பது, ஆவியாவது, அவ்வாவி உருளையைத் தள்ளுவது, ஆறி மீண்டும் நீராவது ஆகிய அனைத்தும் நூறு குறட்பாக்களில் அடங்கியிருக்கின்றன. நான் அறிந்தவரை தமிழில் இத்தகைய நூல் இதுவரை இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும், அதை எழுதியவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் பருத்தி ஆலையின் கொதிகலன் அறையில் நின்றிருக்க மாட்டார். அந்த ஆண்டுகளிலேயே தனித்தேர்வு எழுதிப் புலவர் பட்டமும் பெற்றேன். இரண்டு வெப்பங்களையும் தாங்கிய உடம்பு இது. எழுபத்து நான்கு வயதிலும் கை நடுங்கவில்லை.

உலகம்மை வந்து எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதா? இனியாவது ஈரத் துணியைக் கொடியில போடச் சொன்னா காதுல விழுமா?" என்றாள். ஐம்பது ஆண்டு இல்லறத்தில் இவள் என் செய்யுளுக்குச் சொன்ன பாராட்டுரைகளில் இதுவே நீளமானது.

நூல் எதனால் பிறந்தது என்று கேட்பவர்களிடம், எனக்குச் சோறிட்ட நீராவிக்கு என் நன்றி என்று சொல்லி வருகிறேன். அது உண்மை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் மகள் பிரமநாயகி சொன்ன ஒரு சொல்லுக்கும் இந்நூலுக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஆனி 4, வியாழன்

நூலைப் பொருநைக்கரைச் செய்யுட் சபையில் ஒப்படைத்தேன். செயலாளர் மேகலிங்கக் கவிராயர் ஏட்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் சபையின் அரங்கேற்றம் மாலையும் பொன்னாடையுமாக முடிகிற விழா அன்று. ஆசிரியர் சபை நடுவே நின்று ஒவ்வொரு பாடலாகப் படிக்க வேண்டும். நூலின் துறையில் வல்லவர் ஒருவர் தடையாளராக அமர்ந்து குற்றம் கண்ட இடத்தில் "தடை" என்பார். ஆசிரியர் விடை சொல்ல வேண்டும். விடை சொல்ல இயலாத பாடலைச் சபை நீக்கிவிடும். நீக்கியதற்கு ஈடாக அவ்விடத்திலேயே, தாளும் எழுதுகோலும் இன்றி, வேறு பாடல் இயற்றித் தரலாம். தராவிட்டால் நூல் குறையுடையது; சபை அதை ஏற்காது. நூறு என்று பெயரிட்டவன் தொண்ணூற்றொன்பதோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இருபது ஆண்டுகளில் அவ்வாறு திரும்பிய மூவரை நான் கண்டிருக்கிறேன். ஒருவர் அதன்பின் சபைப் பக்கமே வரவில்லை.

ஆடி பிறக்குமுன் முடித்துவிட வேண்டும் என்று ஆனி 27, 28 ஆகிய நாட்களைக் குறித்தார் கவிராயர். பத்தாம் தேதி ஏட்டுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். அதன்பின் ஆசிரியர் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது.

ஆனி 8, திங்கள்

கவிராயர் வீட்டுக்கே வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, தடையாளர் வேணும்னு மதுரைப் பெண்கள் கல்லூரிக்கு எழுதிப் போட்டிருந்தேன். இயற்பியல் துறைத் தலைவரை அனுப்புதோம்னு பதில் வந்திருக்கு."

"நல்லது. யார்?"

"முனைவர் ஆ. பிரமநாயகி."

அடுக்களையில் கரண்டி விழுந்தது. உலகம்மை வாசற்படியில் வந்து நின்றாள். "நம்ம பிள்ளையவா போட்டிருக்காவ?"

"வேண்டாம்னா அண்ணாச்சி நாளைக்குள்ள ஒரு வரி எழுதிக் குடுங்க. ஆசிரியருக்கு ஒரு தடவை மறுக்க உரிமை உண்டு" என்றார் கவிராயர்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை எழுதிவிடுகிறேன். பிரமநாயகி முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். முந்நூறு பக்கம், தமிழில் ஒரு வரி இல்லை. "தமிழில் சொல்ல முடியாததை நான் அறிவு என்று ஏற்பதில்லை" என்றேன். அவள் ஏட்டை எடுத்துக்கொண்டு, "அப்போ நீங்க சொல்லிக் காட்டுங்க" என்றாள். பட்டமளிப்புக்கு நான் போகவில்லை. அன்றுமுதல் அவள் தொலைபேசியில் அழைத்தால் உலகம்மைதான் எடுப்பாள். பண்டிகைக்கு வருவாள்; என்னை வணங்குவாள்; "சாப்பிட்டியளா?" என்பாள். "ஆயிற்று" என்பேன். அவ்வளவே எங்கள் உரையாடல்.

ஆனி 9, செவ்வாய்

மறுப்பு எழுதவில்லை. தகுதியுடையவரை மறுப்பது முறையன்று. காலையிலிருந்து தலைவலி.

ஆனி 14, ஞாயிறு

இன்று நெல்லையப்பர் ஆனித் தேர். இருபது வயதிலிருந்து ஓராண்டும் தவறாமல் வடம் பிடித்து வருகிறேன். இவ்வாண்டும் முப்பது அடி தூரமாவது இழுத்துவிட்டுத்தான் ஓரம் ஒதுங்கினேன். ரத வீதி முழுவதும் வியர்வையும் விபூதியும்.

வீடு திரும்பியவுடன் பசி உயிரை வாங்கியது. உலகம்மை நான்காம் முறை சோறு போடும்போது, "காலைல எட்டு இட்லி தின்னுட்டுத்தானே போனிய? அம்புட்டும் எங்க போச்சு?" என்றாள்.

"வடம் இழுக்கப் போயிற்று" என்றேன். "உண்டதெல்லாம் உடம்பிலேயே தங்குமா?"

சொல்லி வாய் மூடவில்லை. பிசைந்த கை நின்றுவிட்டது. ஏட்டின் அறுபத்தொன்றாம் பாடல் என் முன்னே வந்து நின்றது.

தாவியெழும் நீருண்ட தீயெல்லாம் தங்குமே
ஆவிக்குள் ஒன்றும் விடாது.

கொதிக்கும் நீருக்கு நாம் ஊட்டிய வெப்பம் முழுவதும், சிறிதும் வெளியே போகாமல், ஆவிக்குள்ளேயே தங்குகிறது என்பது பொருள். நூலில் எனக்கு மிகவும் உகந்த பாடல் அது. இறைவன் அருள் ஊட்ட ஊட்ட உயிர் அதைத் தன்னுள்ளே சேர்த்து உயர்வதற்கு ஒப்புமையாகவும் அதை வைத்திருந்தேன்.

ஆவி வடம் இழுக்கிறதா? எதை இழுக்கிறது?

ஆனி 15, திங்கள்

பரண்மேல் ஏறி, பிரமநாயகி கல்லூரியில் படித்த வெப்பவியல் நூலை இறக்கினேன். நூல் எழுதிய காலத்தில் நான் துணைக்கொண்டது இதைத்தான். ஓர் அதிகாரத்தை மட்டும் படிக்காமல் விட்டிருந்தேன். அதன் ஓரமெல்லாம் அவளுடைய பென்சில் குறிப்புகள். என் கண்ணாடிக்கு எட்டவில்லை என்பதே காரணம். இன்று எட்டியது.

கணக்கு இதுதான். கொதிநிலையில் உள்ள ஒரு கிராம் நீரை முழுவதும் ஆவியாக்க இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு ஜூல் வெப்பம் வேண்டும். நீராக இருந்தபோது அதன் கன அளவு ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர். ஆவியானபின் ஆயிரத்து அறுநூற்று எழுபத்தொன்று. ஒரு சுண்டுவிரல் நுனியளவு நீர் ஒன்றரை லிட்டர்ப் பாத்திரத்துக்கும் மேலான இடத்தைக் கேட்கிறது. அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. அங்கே காற்று இருக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக அமர்ந்திருக்கும் காற்று. அதைத் தள்ளி விலக்கினால்தான் ஆவிக்கு இடம் கிடைக்கும். தள்ளுவது வேலை. காற்றின் அழுத்தத்தைக் கூடிய கன அளவால் பெருக்கினால் அந்த வேலையின் அளவு வரும்: நூற்று அறுபத்தொன்பது ஜூல். அதைக் கழித்தபின் எஞ்சும் இரண்டாயிரத்து எண்பத்தேழுதான் ஆவியின் அக ஆற்றலாக உள்ளே சேர்கிறது. ஊட்டியதில் ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குப் போய்விட்டது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நீராவி அட்டவணையை மனப்பாடமாக வைத்திருந்தவன் இதை எப்படித் தவறவிட்டேன்? அந்த அட்டவணைதான் தவறவிடச் செய்தது. கொதிகலன்காரனுக்கு வேண்டியது மொத்த வெப்பம். நாங்கள் பார்த்ததும் அந்த ஒரு பத்தியைத்தான். தள்ளும் வேலையையும் உள்ளே சேர்ந்ததையும் கூட்டி ஒரே எண்ணாக அச்சிட்டிருந்தார்கள். கூட்டிய எண்ணைத் தனி எண் என்று எண்ணிவிட்டேன். கொதிகலன் அறைக்கு வெளியே இருப்பவன் எவனும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான்.

பக்கத்தின் அடியில் பத்தொன்பது வயதுப் பிரமநாயகியின் கையெழுத்து: "2087" என்று எழுதி அதைச் சுற்றிக் கட்டம் கட்டியிருக்கிறாள். அதன் கீழே, "அப்பாவிடம் கேட்கணும்: பாய்லரில் இந்த 169-ஐ நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்?"

அவள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவள் கல்லூரியிலிருந்து வந்த மாலைகளில் நான் பெரும்பாலும் யாப்பு நூல் முன்னே அமர்ந்திருப்பேன். "தமிழ் படித்திருக்கலாம்" என்று சொல்வேன். ஒருவேளை அதுவே அவளுக்குப் பதிலாகப் போதுமென்று தோன்றியிருக்கும்.

ஆனி 16, செவ்வாய்

கவிராயரிடம் சென்றேன். முத்திரையை உடைத்து ஒரு பாடலை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். தடையாளருக்குப் படி அனுப்பியாயிற்று, முடியாது என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா இப்படி முகம் வாடிப் போயிட்டு? பதின்மூணுல ஒரு பங்குதானே அண்ணாச்சி! கண்ணை வேல்னு பாடுதோம். எந்தக் கண் டாக்டர் வந்து 'தடை'ங்கான்? உயர்வு நவிற்சி, கவி மரபுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருங்க. சபை பூராவும் தமிழாளுங்க. கைதட்டிட்டு விட்டிருவாவ."

"நான் எழுதியது கணக்கு" என்றேன்.

"கணக்கு யாருக்குத் தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும்."

இதைச் சொன்னபோது என் குரலில் அச்சம் இருந்திருக்க வேண்டும். கவிராயரோ, "என்ன அண்ணாச்சி, இவ்வளவு பெருமையாச் சொல்லுதிய!" என்றார். அவருக்குச் செவி மந்தம்.

ஆனி 21, ஞாயிறு

கொடியில் துணி போட்டேன். மாற்றுப் பாடல் ஒன்றை முன்கூட்டியே இயற்றி மனத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் எண்ணம் எழுந்தது. அவ்விடத்திலேயே இயற்ற வேண்டும் என்பது விதி. எண்ணத்தை விரட்டிவிட்டேன். இருமுறை வந்தது, இருமுறையும் விரட்டினேன்.

ஆனி 26, வெள்ளி

பிரமநாயகி மதுரையிலிருந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வரவில்லை. தடையாளர் அரங்கேற்றம் முடியும்வரை ஆசிரியர் வீட்டில் உண்ணக்கூடாது என்று அவளே கவிராயரிடம் சொன்னாளாம். சபை விதியில் அப்படி எதுவும் இல்லை. இருந்திருக்க வேண்டிய விதி. சந்திப்புச் சாலை விடுதியில் தங்கியிருக்கிறாள். உலகம்மை தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

"ஆசிரியர் வீட்டுச் சோறுதானே அது?" என்றேன்.

"இது அவ அம்மை வீட்டுச் சோறு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தவளிடம், "ஏட்டைப் படித்துவிட்டாளாமா?" என்று கேட்டேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன ஆவிக் குழாயா? நாளைக்கு நேர்ல பாருங்க."

ஆனி 27, சனி

முதல் நாள்.

சபை மண்டபம் நிறைந்திருந்தது. நான் நடுவே நின்றேன். எதிரே தனி நாற்காலியில் பிரமநாயகி. காதோர முடி நரைத்துவிட்டது. மடியில் ஏட்டின் படி. அதன் ஓரங்களில் பென்சில்.

"நூலாசிரியர் தொடங்கலாம்" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. சரியான முறை அதுதான்.

பதினேழாம் பாடலில் முதல் தடை. "நூறு பாகையில் நீர் கொதிக்கும்னு ஆசிரியர் சொல்லுதார். உதகமண்டலத்துல தொண்ணூத்தி மூணுலயே கொதிச்சிருமே?"

"பதினெட்டாம் பாடலைப் படித்துவிட்டுத் தடையாளர் கேட்கலாம். மலை ஏற ஏறக் கொதிநிலை இறங்குவது அங்கே இருக்கிறது."

சபை சிரித்தது. அவளும் சிரிப்பை மறைக்க ஏட்டை உயர்த்தினாள். "தடை நீங்கிற்று."

இப்படிப் பதினொரு தடை. பதினொன்றுக்கும் விடை சொன்னேன். நாற்பத்து நான்காம் பாடலில், கொதிகலனின் பாதுகாப்பு வால்வு திறக்கும் கணத்தைப் பற்றி அவள் கேட்ட கேள்வி கூர்மையானது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் எந்த ஆய்வாளரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. விடை சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கம் இப்படி ஓர் அறிவு இருந்தால்தான் நூல் நூலாகும்.

மாலை ஐந்து மணிக்கு அறுபத்தொன்றாம் பாடலைப் படித்தேன். தாவியெழும் என்று தொடங்கியபோதே என் குரல் எனக்கே கேட்டது. முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் பக்கத்தைப் பார்த்தாள். பென்சில் முனை அந்த வரிமேல் நின்றது. பிறகு தண்ணீர் குடித்தாள்.

"தடையில்லை. அடுத்தது."

அறுபத்தைந்தோடு சபை கலைந்தது. அவள் விடுதிக்குப் போய்விட்டாள்.

அறியாமல் விட்டாளா? அறிந்து விட்டாளா? முன்னதானால் அவள் படிப்புக்குப் பழுது. பின்னதானால் எனக்குப் பழுது. அவள் படிப்பு பழுதில்லை என்பதற்குப் பரணில் சான்று இருக்கிறது.

உலகம்மை, "பதினோரு கேள்விக்கும் பதில் சொல்லிட்டியளே, பின்னே எதுக்கு முகத்தைத் தூக்கி வச்சிருக்கிய?" என்றாள். பன்னிரண்டாவது கேள்வி வராததால் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நூல் பிழைத்துவிடும் என்பது இப்போது உறுதி. நாளை முப்பத்தைந்து பாடல்கள். அவற்றில் எனக்கு ஐயமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஆனி 28, ஞாயிறு

வாயைத் திறந்தேன்.

கவிராயர் "அறுபத்தாறு" என்று அழைத்ததும், நான் எழுந்து "தடை" என்றேன்.

"அண்ணாச்சி, தடை சொல்லுதது அவங்க. நீங்க பாட்டுச் சொல்லணும்."

"அறுபத்தொன்றாம் பாடலுக்குத் தடை. நேற்றுத் தடையாளர் அதைக் கடந்து போய்விட்டார்."

"ஆசிரியரே தன் பாட்டுக்குத் தடை சொல்ல விதியில்லையே!"

"தடையாளர் கடமையில் தவறினார் என்று சொல்ல விதி உண்டா?"

பிரமநாயகி சட்டென்று எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "நான் தவறல."

"தெரியாமல் விட்டதா, தெரிந்து விட்டதா என்று சபைக்குச் சொல்ல வேண்டும்."

"தெரிஞ்சுதான் விட்டேன். போதுமா?"

"ஏன்?"

"நூத்துல ஒண்ணு. எழுபத்தி நாலு வயசுல நின்னுகிட்டே ரெண்டு நாள் படிக்கிய. அந்த ஒண்ணுக்காகத் தொண்ணூத்தி ஒன்பதையும் தூக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவா? என்னால முடியலப்பா."

அப்பா என்ற சொல் வந்துவிட்டது.

"சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோ அழுத்தத்தின் பக்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டு நின்றவன் நான்" என்றேன். "உன் ஒரு தடையைத் தாங்க மாட்டேனா? நீ மற்றவர் நூலானால் விட்டிருப்பாயா?"

"மாட்டேன்."

"அப்படியானால் கேள்."

கவிராயர் குறுக்கே புகுந்தார். "சபையோரே, இது உயர்வு நவிற்சி, கவி மரபு…" சிலர் "ஆமா, ஆமா" என்றனர். நான் கையை உயர்த்தி அதை நிறுத்தினேன்.

அவள் உட்காரவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். வகுப்பறைப் பழக்கம் போலும். "சரி. தடை. நீருக்குக் குடுத்த வெப்பம் அம்புட்டும் ஆவிக்குள்ள தங்கும்ங்கார் ஆசிரியர். வெளிய ஒண்ணும் போகாதா?"

"போகும்."

"எதுக்கு?"

"காற்றை விலக்க."

"பாட்டுல காத்து இல்லையே. பஞ்சபூதம் அஞ்சையும் தெனம் காலைல விழுந்து கும்பிடுதிய. அதுல ஒண்ணை விட்டுட்டியளேப்பா!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன். என்னை இப்படிக் கேலி செய்யத் துணிந்தவர் இச்சபையில் இதுவரை எவரும் இல்லை.

"எம்புட்டுப் போகும்? கணக்கு?"

"ஒரு கிராம் நீர்."

"கன அளவு எம்புட்டுக் கூடுது?"

"ஆயிரத்து அறுநூற்று எழுபது கன சென்டிமீட்டர்."

"அழுத்தம்?"

"ஒரு லட்சத்து ஆயிரத்து முந்நூறு பாஸ்கல்."

"வேலை?"

"நூற்று அறுபத்தொன்பது ஜூல்."

"மிச்சம்?"

"இரண்டாயிரத்து எண்பத்தேழு. அதுதான் அக ஆற்றல். பதின்மூன்றில் ஒரு பங்கு வெளியே, பன்னிரண்டு உள்ளே."

அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். எங்கும் குறிக்கவில்லை. "கணக்கு சரி. பாட்டு தப்பு."

"பாட்டு தப்பு" என்று நானும் சபைக்குச் சொன்னேன். "நீக்குங்கள்."

கவிராயர் பதிவேட்டில் அறுபத்தொன்றைக் கோடிட்டு அடித்தார். அவர் கை தயங்கியதைப் பார்த்தேன். "அண்ணாச்சி, இப்போ தொண்ணூத்தி ஒன்பது. ஈடு தருவியளா?"

"தருவேன்."

கண்களை மூடி ஐந்தெழுத்தை ஓதினேன். முதலடி வந்தது. சொன்னேன்:

காற்றை விலக்கக் கழிந்ததொரு பங்கொழிய

காற்றை விலக்குவதில் செலவான ஒரு பங்கு தவிர என்பது அதன் பொருள். சபை அதைத் திருப்பிச் சொன்னது. இரண்டாம் அடியில் மூன்றே சீர். "ஏற்றதே ஆவிக்கு" என்று இரண்டு வந்தன. ஏழாம் சீர் வரவில்லை. ஆவி தன்னுள் ஏற்று வைத்துக்கொண்டதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். "வரவு" என்று வாய்வரை வந்தது; வைத்தால் தளை தட்டும், செய்யுள் நொண்டும். "நிறை" என்றாலும் அதே கதை. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் ஒன்று வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் எனக்குச் சொல் தட்டியதில்லை. இன்று தட்டியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கவிராயர் பதிவேட்டை மூடப்போகும் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருப்பு" என்றாள் பிரமநாயகி.

மெதுவாகத்தான் சொன்னாள். நான் ஒட்டிப் பார்த்தேன்.

காற்றை விலக்கக் கழிந்ததொரு பங்கொழிய
ஏற்றதே ஆவிக் கிருப்பு.

தளை தட்டவில்லை. எதுகை இருக்கிறது. ஈற்றுச் சீர் இலக்கணம் சொல்லும் வடிவிலேயே நிற்கிறது. பொருளில் ஒரு ஜூலும் பிழையில்லை.

"யாப்பு எப்போது படித்தாய்?" என்று கேட்டேன். சபை இருப்பதையே மறந்துவிட்டேன்.

"நீங்க வெப்பவியல் எப்போ படிச்சியளோ, அப்போதான்."

கவிராயர் தொண்டையைச் செருமினார். "சபையோரே, ஒரு சிக்கல். ஈடு கொடுக்க வேண்டியது ஆசிரியர். ஏழாம் சீரைத் தடையாளர் சொல்லியிருக்கார். இது ஆசிரியர் பாட்டுன்னு எப்படிப் பதியுதது?"

பின்வரிசையில் வாதம் எழுந்தது. செல்லாது என்றார் ஒருவர். நான் கையை உயர்த்தினேன்.

"என் பாட்டு என்று பதிய வேண்டாம்" என்றேன். "நான் சொல்லுகிறபடி பதியுங்கள். சபை ஏற்றால் ஏற்கட்டும். ஏற்காவிட்டால் தொண்ணூற்றொன்பதோடு போகிறேன். நடந்தே போகிறேன், தலை நிமிர்ந்து போகிறேன்."

சொன்னேன். கவிராயர் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துவிட்டுச் சபையைப் பார்த்தார். முதலில் கை தட்டியவர், செல்லாது என்று சொன்ன அதே பின்வரிசைக்காரர். அதன்பின் மற்ற முப்பத்தைந்து பாடல்களையும் படித்தேன். அவள் நான்கு தடை சொன்னாள், ஒன்றையும் விட்டுவிடவில்லை. மாலை ஆறு மணிக்கு "ஆவி நூறு" ஏற்கப்பட்டது.

ஆனி 29, திங்கள்

பிரமநாயகி காலையில் வீட்டுக்கு வந்து என்னோடு அமர்ந்து உண்டாள். பாதுகாப்பு வால்வைப் பற்றி சபையில் கேட்கத் தவறிய ஐயங்கள் என்று ஏழு கேள்விகள் வைத்திருந்தாள். பத்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவள் பகல் இரண்டு மணிக்குத்தான் புறப்பட்டாள். உலகம்மை, "ஆவிக் குழாய்க்கு இனி வேலையில்ல" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுக்களையிலிருந்து கேட்டது.

அவள் போனபின் சபைக்குச் சென்று, பதிவேட்டில் உள்ளதைப் படியெடுத்து வந்தேன். அச்சிடும்போது நூலின் முதற்பக்கத்தில் இவ்வாறே வர வேண்டும் என்று கவிராயரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்:

"ஆவி நூறு. பாடல்கள் தொண்ணூற்றொன்பதும், அறுபத்தொன்றாம் பாடலில் ஆறு சீர்களும் இயற்றியவர் கொதிகலன் கண்காணிப்பாளர் புலவர் ஆவுடைநாயகம். அப்பாடலின் ஏழாம் சீரை இயற்றியவர் அவர் மகள் முனைவர் பிரமநாயகி. படிப்போர் அந்தச் சீரிலிருந்து தொடங்குக."